மொட்டைமுனைத் தோட்டா

லைசென்ஸ் கோகிலவாணியின் பெயரில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த போட்டோவும் அவளுடையதுதான். போட்டோவில் கொஞ்சம் முறைத்துக்கொண்டுகூட இருந்தாள். அப்படியிருந்தும் சேலத்துத் துப்பாக்கிக் கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்று அவள் கணவன் மணியனைப் பார்த்தார்.

மணியன் வாயைத் திறப்பதற்குள் தனபால் முந்திக்கொண்டார்.

"நாந்தானுங்க போன்ல பேசுனது. எடுத்து வெச்சிருக்கறேன்னீங்கள்ல, அதையே குடுத்துருங்க. அம்மணி ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."

அம்மணி என்றது கோகிலவாணியை. சின்னப் பெண்களைக் கூப்பிடுகிற சொல்; நாற்பது வயதைத் தாண்டியும் அவள் அவருக்கு அம்மணிதான். தனபால் மணியனின் அக்கா சௌந்திரத்தின் கணவர். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். வண்டிகள் எங்கோ வடக்கே பாறையைக் குடைந்து போர் போட்டுக்கொண்டிருக்க, அவர் இங்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனிலேயே தொழிலை நடத்திக்கொண்டிருந்தார். காலையில் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "நானும் சேலந்தான் போறேன், ரண்டு பேரும் ஏறுங்க" என்றபோது, நல்ல மனுசன், பஸ்ஸில் நசுங்குவது மிச்சம் என்றுதான் கோகிலவாணி நினைத்தாள். இப்படி முன்னாலேயே போனில் பேசிவைத்த சங்கதி இப்போதுதான் தெரிகிறது.

"அண்ணா, நீங்க எதுக்குங்க பேசுனீங்க?" என்றாள். "என்ன அளவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது முப்பதுன்னு மாப்ளதான் சொன்னான். ஏன், தப்பா?"

மாப்பிள்ளை மணியன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

அந்த ரைபிள் அவள் அப்பாவுடையது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் அவர் வாங்கியது. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அப்பா இறந்தபின் ஒரே மகளான அவள்தான் அலைந்து திரிந்து அதைத் தன் பெயருக்கு மாற்றினாள். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். உங்க வீட்டுக்காரர் பேருக்கு வாங்கிக்கலாமேம்மா. அவளும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். அவரு எங்கப்பாவுக்குப் பொறக்கலீங்க.

நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் மலையடிவாரத்தில் அவர்களுக்குக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்ட காடு. கிழங்கு பிடிக்கிற பருவத்தில் பொழுது இறங்கினால் காட்டுப்பன்றிகள் வந்துவிடும். ஒரு கூட்டம் புகுந்தால் ஒரு வயலே உழுதது போலாகிவிடும். அந்த நேரத்தில் அவள் வரப்பில் நின்று எதிரே இருக்கிற மண்மேட்டில் ஒரு குண்டைப் போடுவாள். சத்தம் மலையில் மோதித் திரும்பும்போது பன்றிகள் ஓடியிருக்கும். இதுவரை ஒரு பன்றியையும் அவள் சுட்டதில்லை. சட்டப்படி சுடவும் கூடாது. அவள் சுடும்போதெல்லாம் மணியன் இடது பக்கம் ஒட்டி நின்று, காதைப் பொத்திக்கொண்டு, "போட்டுத் தள்ளு" என்பான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

கையிருப்புத் தோட்டா தீர்ந்துபோனது. ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே உண்டு. வாங்கியதாக எழுதிவிட்டால் பிறகு திருப்பிக் கொடுப்பது, மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் எதை வாங்குவது என்று அவள் ஒரு வாரமாக யோசித்துவைத்திருந்தாள். அப்பா பயன்படுத்திய கனமான குண்டா, அதைவிட எடையும் உதையும் குறைந்ததா என்பதுதான் அவளுடைய கேள்வி. கனமானது பழகியது. ஆனால் அந்தப் பழைய ரைபிளின் கட்டையில் பிறை போல வளைந்த இரும்புத் தகடு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது தோளில் பதிந்து, ஒரு வாரத்துக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடக் கையைத் தூக்க முடிவதில்லை.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்துவந்து மணியன் முன்னால் வைத்தார். கோகிலவாணி கையை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தாள்.

பித்தளை பளபளவென்று இருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். குண்டின் முனை சீவின பென்சில் போலக் கூராக இருந்தது.

"இது வேண்டாமுங்க" என்றாள்.

கடைக்காரர் மணியனைப் பார்த்துச் சிரித்தார். "மேடம் பயப்படறாங்க போல இருக்கு சார்."

"பயமில்லீங்க. இது என்ற துப்பாக்கிக்கு ஆகாது. இதுல தோட்டா, பொட்டி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறதில்லீங்க. குழலுக்குக் கீழ ஒரு குழாய் இருக்குது. அதுக்குள்ள ரயில் பெட்டியாட்டம் ஒண்ணுக்குப் பொறகால ஒண்ணு படுத்திருக்கும். பின்னால இருக்கறதோட மூக்கு, முன்னால இருக்கறதோட குண்டியில முட்டிக்கிட்டு நிக்கும். அங்கதான் தட்டுனாத் தீப்புடிக்கற கேப்பு இருக்குது. சுடறப்ப துப்பாக்கி ஒதைக்கும். அந்த ஒதையில இந்தக் கூரு போய் அந்தக் கேப்பைக் குத்துச்சுன்னா குழாய்க்குள்ளயே வெடிக்கும். அதுக்குத்தான் இதுக்கு மொட்டைமுனை."

கடைக்காரருக்கு முகம் மாறவில்லை. "அது தெரிஞ்சதுதான் மேடம். ஒத்தைத் தோட்டாத் துப்பாக்கி வெச்சிருந்த ஒருத்தருக்காக வரவழைச்சது இது. ஒவ்வொண்ணாப் போட்டுச் சுடணும், குழாய்ல ரொப்பக் கூடாதுன்னு சார்கிட்டப் போன்லயே சொல்லிட்டேன்."

"எந்தச் சார்கிட்ட?"

கடைக்காரர் பேனாவால் தனபாலைக் காட்டினார்.

கோகிலவாணிக்குக் காது சுட்டது. துப்பாக்கி யாருடையதோ அவளிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை, துப்பாக்கியே இல்லாத மனிதனிடம் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்று இவர் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுக்கொண்ட மனிதரோ காரில் இத்தனை தூரம் வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்த கதையைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"சொல்லுங்கண்ணா" என்றாள். "ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"அட, இதெல்லாம் ஒரு பேச்சா அம்மணி. ஒண்ணொண்ணாப் போட்டுக்கலாம். எனக்குத் தெரியாத வெவகாரமா? போர் போடறப்பப் பாறைக்குத் தக்கனதான் கொடையற பிட்டு. கூரா இருந்தாத்தான் எறங்கும். மொட்டையா இருந்தா மேலயே நிண்டுக்கும். பன்னித் தோலுன்னா சும்மாவா, மண்ணுல பொரண்டு பொரண்டு இரும்பாட்டம் இருக்கும்."

"பன்னியா?"

தனபால் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"எந்தப் பன்னிங்கண்ணா?"

"மாப்ள, நீ சொல்லலையா இன்னும்?"

மணியன் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தான். அந்தப் பார்வையிலேயே கோகிலவாணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் பொய் சொன்னதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அவன் பழக்கம்.

தனபாலின் மகள் கிருத்திகாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரும் ரிக் வைத்திருப்பவர்கள், இவர்களைவிடப் பெரிய கை. கல்யாணம் முடிந்ததும் தாய்மாமன் பொண்ணு மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்க வேண்டும். அந்த மாமன் விருந்து மணியனின் பொறுப்பு. அவனும் கோகிலவாணியும் அதற்கு ஆடு பேசிவைத்திருந்தார்கள்.

"ஆடு எல்லாரும்தான் போடறாங்க" என்று தனபால் விளக்கினார். அவர் குரலில் துளியும் கூச்சமில்லை. "மாமன் ஊட்டுல காட்டுப்பன்னிக் கறின்னா சம்பந்திக ஊருக்கே போய்ப் பேசுவாங்க. உங்க காட்டுலதான் அதுபாட்டுக்குத் திரியுது. நான் என்ற பசங்க ரண்டு பேரோட வாரேன். துப்பாக்கியை ஒரு நா குடுத்தாப் போதும். நீ ஊட்டுக்குள்ள இரு, அம்மணி. உனக்கு ஒரு தொந்தரவும் இல்லை."

கோகிலவாணி கையிலிருந்த தோட்டாவைப் பெட்டியில் அது இருந்த குழியிலேயே வைத்தாள். மூடியைச் சாத்தினாள். லைசென்ஸை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு கடை தள்ளி ஒரு ஜூஸ் கடை. அதன் நிழலில் போய் நின்றாள். கரும்பு பிழிகிற மெஷின் சத்தத்துக்கு நடுவே மணியனின் செருப்புச் சத்தம் பின்னால் வந்தது.

"வாணி."

"கம்முனு போயிருங்க மாமா. எனக்கு இப்ப வாயில நல்ல வார்த்தை வராது."

"நான் சரின்னு சொல்லலை புள்ள."

"முடியாதுன்னு சொன்னீங்களா?"

"அதுவும் சொல்லலை."

"அப்பறம்? முடியாதுன்னு சொல்லாததுக்குப் பேருதான் சரிங்கறது. துப்பாக்கி அளவைச் சொல்லியிருக்கீங்க. சேலம் வாரோம்னு சொல்லியிருக்கீங்க. நான் கார்ல உக்காந்து, நல்ல மனுசன், நல்ல மனுசன்னு அவருக்கு முறுக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டு வாரேன். பின்னால உக்காந்து என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு இருந்தீங்களா?"

"சிரிக்கலை. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

ஜூஸ் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். மணியன் இரண்டு கரும்பு ஜூஸ் சொன்னான். கோகிலவாணி, ஒன்று போதும் என்றாள்.

"நம்ம கிணறு வத்துனப்ப மச்சான்தான் வண்டியைக் கொண்டாந்து போர் போட்டுக் குடுத்தாரு" என்றான் மணியன் மெதுவாக. "அந்தத் தண்ணிதான் இன்னிக்கும் பாயுது. அவரு ஒண்ணு கேக்கறப்ப எப்படி மூஞ்சிக்கு நேரா முடியாதுங்கறது? அக்காவும் போன் பண்ணுனா. அழுவறா. எம்பட புள்ள கல்யாணத்துக்கு உனக்கு ஒரு பன்னி சுட முடியலையாங்கறா."

"பன்னியைச் சுட்டா கேசு. போலீஸ் வந்து யாரைக் கேப்பாங்க? லைசென்ஸ்ல யாரு மூஞ்சி இருக்குது, உங்க மச்சான் மூஞ்சியா? புள்ளை கல்யாணத்துக்கு அத்தைக்காரி ஜெயிலுக்குப் போனா அதுவும் சம்பந்திக ஊருக்கே போய்ப் பேசுவாங்க."

ஜூஸ் வந்தது, மணியன் வாங்கிக்கொண்டான்.

"அதைக்கூட விடுங்க" என்றாள். அழுகையாக வந்துவிடுமோ என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. "அந்தக் கூர்த் தோட்டாப் பொட்டி ஊட்டுக்கு வந்திருக்கும். பன்னி கெடைச்சோ கெடைக்காமலோ அவரு போயிருவாரு. மிச்சம் ஊட்டுலதான் கெடக்கும். ஒரு நா பொழுதோட பன்னி வந்துருச்சு, அவசரம். நான் எடுத்துக் குழாய்ல ரொப்பிருவேன். நான் சுடறப்ப எனக்கு எடது பக்கம், அந்தக் குழாயை ஒட்டி நிக்கறது யாரு?"

மணியன் ஜூஸ் தம்ளரைக் கையில் வைத்தபடி நின்றான். குடிக்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று அவன் வீட்டார், துப்பாக்கி வைத்திருக்கிற வீடு நமக்கு எதற்கு என்று முணுமுணுத்தார்கள். மணியன் மட்டும், "அது அவங்க ஊட்டுப் பொருளு, இருந்துட்டுப் போகுது" என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே கோகிலவாணி அவனைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டாள். அதை அவனிடம் அவள் சொன்னதேயில்லை. இன்றைக்குச் சொன்னால் குத்திக்காட்டியது போலாகும் என்று இப்போதும் சொல்லவில்லை.

"நான் உள்ள போறேன்" என்றாள். "எனக்கு வேண்டியதை நான் வாங்கோணும். நீங்க வாரதுன்னா வாங்க. வந்தா மறுபடியும் காலண்டர் பாக்கக் கூடாது."

கடைக்குள் தனபால் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. "என்ன அம்மணி, கோவம் தணிஞ்சுதா? போடு கையெழுத்தை, நேரமாச்சு."

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஆயுத பூசைக்கு உங்க பட்டறையில வருசா வருசம் பிட்டுக்கெல்லாம் சந்தனம் வெக்கறது யாரு?"

"நீயும் உங்க நங்கையா சௌந்திரமும்தான். அதுக்கென்ன?"

"பாறையைக் கொடையற அந்தப் பிட்டுக்குக் கூரு எங்கீங்கண்ணா இருக்குது? நான் தேடித் தேடிப் பொட்டு வெச்சிருக்கறேன். மொட்டை மூஞ்சி. அதுல குண்டு குண்டாப் பட்டன். கூரா ஒரு முனைகூட நான் பாத்ததில்லை."

தனபால் டீத் தம்ளரை வாயருகே நிறுத்தினார்.

"அது... அது வேற அம்மணி. அது அடிச்சு நொறுக்கறது."

"அதுஅதுக்கு ஆகறதுன்னு ஒண்ணு இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. உங்க ரிக்குக்கு என்ன பிட்டுப் போடறதுன்னு நான் என்னிக்காச்சும் போன் பண்ணிச் சொல்லியிருக்கறேனுங்களா? ராஜஸ்தான்ல வண்டி நிக்கறப்ப, அண்ணனுக்கு எதுக்குச் சிரமம்னு நான் ஒரு பிட்டை வாங்கி அனுப்பிச்சு, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கன்னா போடுவீங்களா?"

கடைக்காரர் தலையைக் குனிந்து மேசை டிராயரில் எதையோ தேட ஆரம்பித்தார்.

தனபாலின் முகம் சிவந்தது. பெண்பிள்ளையிடம் பதில் சொல்வதா என்பதுபோல அவளைத் தாண்டி மணியனைப் பார்த்தார். "மாப்ள, இது உங்க ஊட்டுல யாரு பேச்சுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கறேன். நீ சொல்லு. வாங்கறமா, இல்லையா?"

கோகிலவாணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், சொல்லிக்கொடுத்தாள் என்றாகிவிடும்.

மணியன் அவள் நாற்காலிக்கு இடது பக்கம் வந்து நின்றான்.

"துப்பாக்கி அவளுதுங்க மச்சான். நான் பக்கத்துல நிக்கறவன். அவளைக் காட்டிலும் எனக்குத்தான் மொட்டைமுனை நெம்ப அவசியம். பன்னியெல்லாம் இல்லீங்க. கறி விருந்து நான் போடறேன், ஒரு கொறையும் வெக்கமாட்டேன். துப்பாக்கியை எடுத்துட்டு யாரும் காட்டுக்குள்ள போகக் கூடாது. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டது என்ற தப்பு."

"போர் போடறப்ப மட்டும் மச்சான் வேணும்."

"ஆமாங்க. அதுக்குக் காலம் பூரா கும்புட்டுக்கறேன். அதுக்கு இதைக் கேக்காதீங்க."

தனபால் எழுந்தார். "இதை உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்க. நான் சொல்லமாட்டேன்" என்றவர், வாசலில் நின்று, "ராசிபுரத்துக்குப் பஸ்ஸு நெறையா இருக்குது" என்றார். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

பிறகு கடைக்காரர் கூர்முனைப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். இந்த முறை அவள் முன்னால் வைத்தார்.

"மொட்டைமுனையில ரெண்டு எடை இருக்கு மேடம். இது நூத்தியெழுவது கிரெயின், இது நூத்தியம்பது."

"முன்னமே இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு மேடம்."

"இருந்தும் எடுத்துக் காட்டலை."

அவர் பெட்டிகளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். அவளும் விடுவதாயில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்துக் கனம் பார்த்தாள். முனையில் ஈயம் தட்டையாகத் தெரிகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். எந்த வருடத்துச் சரக்கு, எங்கே வைத்திருந்தீர்கள், மழைக்காலத்தில் ஈரம் பட்டதா என்று கேட்டாள். கேப்பைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒவ்வொரு தோட்டாவாகத் திருப்பிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை சாத்துகிற நேரம் நெருங்கியது. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். பார்த்தும் அவசரப்படவில்லை.

"மாமனார் போட்டது கனமானதுதான வாணி" என்றான் மணியன். "அதையே வாங்கிக்க. குறி மாறாது."

"மாறும்தான். கொஞ்சம் மேல கீழ போகும். மண்மேடு அவ்வளவு பெரிசா இருக்குது, அதுல எங்க பட்டா என்ன? எங்கப்பா தோளு வேற, என்ற தோளு வேற. அவரு சுட்டுட்டு வந்து கட்டில்ல படுத்துக்குவாரு. நான் வந்து அடுப்புல சட்டி எறக்கோணும்."

மணியன் கனமான பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினான்.

நூற்றைம்பது கிரெயின் பெட்டியைக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள். "இதை எழுதுங்க."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது வெயில் இன்னும் குறையவில்லை. கோகிலவாணி கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். ஜெயித்தது போலவே இல்லை. தனக்குச் சொந்தமான ஒன்றைத் தன் இஷ்டப்படி வாங்க அரை நாள் சண்டை போட வேண்டியிருக்கிறதே என்றுதான் இருந்தது.

பக்கத்தில் மணியன் போனை எடுத்தான். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

"அக்கா, நாந்தான். மச்சான் வாரதுக்குள்ள சொல்லிரலாம்னு... இல்ல, சண்டையெல்லாம் இல்ல. பன்னி இல்லக்கா. மேச்சேரி கெடா நாலு புடிச்சுக் குடுக்கறேன், நாட்டுக்கோழியும் போடறேன்... அழுவாத. அழுதாலும் இல்லதான்."

எதிர்முனையில் சௌந்திரத்தின் குரல் உயர்ந்தது. மணியன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். "அவ சொல்லிக்குடுத்துப் பேசறயாடா" என்ற வார்த்தை கோகிலவாணிக்கே கேட்டது.

மணியன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை மறுபடி காதில் வைத்தான்.

"ஆமாக்கா, அவதான் சொன்னா. சரியாத்தான் சொன்னா. அதைத்தான் நானும் சொல்றேன்."

ராசிபுரம் பஸ் வந்தது. கோகிலவாணி ஏறி, ஜன்னலோரமாக நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். ஆண்டகளூர்கேட் தாண்டியதும், பெண் பார்க்க வந்த அன்று அவன் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றி அவனிடம் சொன்னாள்.